கோட்டும் கூட்டமும்: ஜப்பார் படேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’

ஜப்பார் படேல் இயக்கிய ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் தோழர்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார்கள். “மம்முட்டி பிரமாதம். படம்தான் கொஞ்சம் இழுவை.” இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. நடிப்பு உயர்ந்து நிற்பதும் கதையாடல் தளர்ந்து கிடப்பதும் தற்செயலாக ஒரே படத்தில் நடந்துவிட்ட இரு விபத்துகள் அல்ல. ஒன்றின் காரணம் மற்றதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்வது சினிமா ரசனை சார்ந்த விஷயம் மட்டுமில்லை. தலைவர்களை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்ற அரசியல் கேள்வியும் அதில் இருக்கிறது.

முதலில் படம் பற்றிய தகவல்கள். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், மத்திய அரசின் சமூகநீதி அமைச்சகம், மகாராஷ்டிர அரசு ஆகியவற்றின் பணத்தில் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்ட மூன்று மணி நேரப் படம் இது. திரைக்கதையில் பங்கெடுத்தவர்கள் சூனி தாராபோர்வாலா, அருண் சாது, தயா பவார். தயா பவார் ‘பலுதா’ (1978) எழுதி மராத்தி தலித் தன்வரலாற்றுக்கு வாசல் திறந்தவர். 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகர், சிறந்த கலை இயக்கம் ஆகியவை இதற்குக் கிடைத்தன. 2000இல் திரைக்கு வந்தது. தமிழ் மொழிமாற்று வடிவம் மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் அதை 2010 டிசம்பரில் தியேட்டருக்குக் கொண்டுவர முடிந்தது. அரசாங்கம் காசு போட்டு எடுத்த படத்தை மக்களுக்குக் காட்டச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகவேண்டிய நிலை. இதுவே தனிக் கட்டுரைக்கான விஷயம். இருக்கட்டும்.

1

நடிப்பிலிருந்து தொடங்குவோம். அம்பேத்கரை நமக்குச் சிலையாகத்தான் தெரியும். நீலக் கோட்டு, உயர்ந்த கை, நீட்டிய விரல், இடுக்கிய புத்தகம். தமிழ்நாட்டில் இன்னொன்றும் சேர்த்தி: சுற்றிலும் இரும்புக் கம்பிக் கூண்டு. சிலையை உடைப்பவனைப் பிடிப்பதைவிடச் சிலையைக் கூண்டில் அடைப்பது நம் நிர்வாகத்துக்குச் சுலபமாக இருக்கிறது. சிலைக்கு வயதாவதில்லை, கால் வலிப்பதில்லை, சந்தேகம் வருவதில்லை. மம்முட்டி செய்த முதல் காரியம் இந்த உலோகத்துக்குள் ஒரு உடலைக் கொண்டுவந்தது.

இருபது வயது தாண்டிய கொலம்பியா மாணவனின் உடல் வேறு. பரோடாவில் அதிகாரியாக வந்தும் கோப்பு மேசையில் வீசப்படுவதைப் பார்க்கிறவனின் உடல் வேறு. சர்க்கரை நோயும் நரம்பு வலியும் கால்களைத் தின்றுகொண்டிருக்க, நாக்பூர் மேடைக்கு வருகிற அறுபத்தைந்து வயதுக் கிழவனின் உடல் இன்னும் வேறு. இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஒப்பனை மட்டும் கடந்துவிட முடியாது. மம்முட்டி அதைக் கழுத்தை வைத்திருக்கும் விதத்தில் கடக்கிறார், உட்காரும் விதத்தில் கடக்கிறார். அவமானப்படும் இடங்களில் முகம் பொங்குவதில்லை, இறுகுகிறது. நம் சினிமாவில் பழகிய கண்ணீரும் கர்ஜனையும் இங்கே இல்லை. அவமானத்தை உள்ளே வாங்கி, வாதமாக மாற்றி, வேறொரு நாளில் வெளியே எடுக்கிற ஒரு மனிதரைப் பார்க்கிறோம். மம்முட்டி சட்டம் படித்தவர் என்பது நினைவுக்கு வருகிறது. இந்த அம்பேத்கர் கோபத்தைக்கூட ஒரு வழக்குக் கட்டு மாதிரி கையாள்கிறார்.

இன்னொரு விஷயம். இதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் 1993ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை மம்முட்டி இரண்டு படங்களுக்குச் சேர்த்து வாங்கியிருந்தார். ஒன்று அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘விதேயன்’. அதில் அவர் அடிமையை மிதித்து வாழும் பண்ணையார் பாஸ்கர பட்டேலர். மற்றது டி.வி. சந்திரனின் ‘பொந்தன்மாட’. அதில் பண்ணையை அண்டி வாழும் தாழ்த்தப்பட்ட கூலியாள். ஒரே ஆளின் உடல் சாதியத்தின் மேல்படியிலும் கீழ்ப்படியிலும் நின்று பார்த்துவிட்டு, அந்தப் படிக்கட்டையே இடிக்கப் புறப்பட்டவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதிகாரம் ஒரு உடலில் எப்படி உட்காரும், பணிவு எப்படி உட்காரும் என்று தெரிந்த நடிகருக்குத்தான் இரண்டையும் மறுக்கிற உடல் எப்படி இருக்கும் என்று தெரியும்.

2

அந்தக் கோட்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒருமுறை வேட்டியைத் திரையாகக் கட்டி இந்தப் படத்தைப் போட்டபோது ஒரு பாட்டி கேட்டார்: “இந்த வெயில்ல எப்படிய்யா இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு அலைஞ்சாரு?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சரியான கேள்வி.

1921 செப்டம்பரில் மதுரையில்தான் காந்தி மேலாடையைக் கழற்றி அரையாடைக்கு மாறினார். ஏழைகளோடு ஒன்றாவதற்கு அது அவர் கண்ட வழி. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், மதுரைக்குப் பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது, சட்டையோ கோட்டோ பனியனோ போடக்கூடாது, தங்க வெள்ளி நகை கூடாது, தலைமுடியை வெட்டிக்கொள்ளக்கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். அதே 1930 நவம்பரில்தான் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. அங்கே கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார் அம்பேத்கர். உடன் சென்ற இன்னொரு பிரதிநிதி நம் இரட்டைமலை சீனிவாசன்.

ஆக, துணி இருப்பவன் கழற்றினால் அது துறவு. துணி மறுக்கப்பட்டவன் போட்டால் அது கலகம். இதை வசனமாகச் சொல்ல முயன்றிருந்தால் படம் பாடப்புத்தகமாகியிருக்கும். மம்முட்டி பித்தானைப் போட்டுக்கொள்கிற விதத்திலேயே இது வந்துவிடுகிறது. கோட்டை அவர் அலங்காரமாக அணிவதில்லை, கவசமாக அணிகிறார். எதிரே மோகன் கோகலேயின் காந்தி. நாம் பழகிய மகாத்மா இல்லை இவர், பேரம் தெரிந்த, பிடிவாதம் தெரிந்த அரசியல்வாதி. இரண்டு உடைகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் காட்சிகள்தான் படத்தின் உச்சம். 1931இல் பம்பாய் மணிபவனில் நடந்த அந்த முதல் சந்திப்பை எத்தனை முறை வாசித்திருந்தாலும் இங்கே பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

3

சரி, பிறகு படம் எங்கே தடுமாறுகிறது?

வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. ரயில் மாதிரி. ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கும். அவமானம், வைராக்கியம், போராட்டம், வெற்றி, துரோகம், மரணம். 1982இல் அட்டன்பரோவின் ‘காந்தி’ இந்த வார்ப்பை இந்திய வரலாற்றுக்கு உலகத்தரத்தில் செய்து காட்டியது. அதற்கும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒரு பங்கு பணம் போட்டது. எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் அம்பேத்கர் என்றொரு பாத்திரமே கிடையாது. பூனா ஒப்பந்தம் இல்லாத காந்தி! ஜப்பார் படேலின் படத்தை அந்த மௌனத்துக்கான பதிலாக வாசிக்க வேண்டும். ஆனால் பதில் சொல்லப் போனவர் கேள்வி கேட்டவனின் இலக்கணத்தையே எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு மகான், இங்கே ஒரு மகான். அங்கே கூட்டம், இங்கேயும் கூட்டம். ஆளை மாற்றியாயிற்று, சட்டகத்தை மாற்றவில்லை.

இதன் விளைவை மூன்று இடங்களில் பார்க்கலாம்.

முதலாவது, மகாட். 1927 மார்ச் 20 அன்று சவதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடிக்கிறார். மனதில் நிற்கிற காட்சி. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் எத்தனை கைகள்! பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி 1923இல் பம்பாய் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் எஸ்.கே. போலே. அதையொட்டி மகாட் நகராட்சி 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் இறங்கத்தான் ஆள் இல்லை. மாநாட்டுக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஆர்.பி. மோரே. பின்னாளில் அவர் கம்யூனிஸ்ட் ஆனார். டிசம்பரில் மனுஸ்மிருதியை எரித்த இரண்டாவது மாநாட்டுக்கு யாரும் இடம் தராதபோது நிலம் தந்தவர் ஃபத்தேகான் என்ற முஸ்லிம். எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர். மார்ச்சில் குளத்திலிருந்து திரும்பியவர்கள் கோயிலில் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தியில் அடி வாங்கினார்கள். ஊருக்குப் போனபிறகும் அடி வாங்கினார்கள். குளம் சம்பந்தமான வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது 1937 மார்ச்சில். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம்! இந்தப் பத்து வருஷமும் இந்தக் கூட்டாளிகளும் ரயில் நிற்கிற ஸ்டேஷன்களில் இல்லை. குளம் இருக்கிறது, கை இருக்கிறது, அவ்வளவுதான். மற்றவர்கள் கரையில் நின்று பார்க்கிற முகங்கள்.

இரண்டாவது, பூனா ஒப்பந்தம். உண்ணாவிரதம், நெருக்கடி, காந்தியின் உயிர், கையெழுத்து எனப் படம் இதை நன்றாகவே நாடகமாக்குகிறது. நாடகம் உயிர் பிழைப்பதைச் சுற்றி இருப்பதால் என்ன இழக்கப்பட்டது என்பது மட்டும் பார்வையாளருக்குப் போய்ச் சேர்வதில்லை. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பின்படி தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு வாக்கு. தங்கள் தனித்தொகுதியில் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத்தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து போட ஒன்று. செப்டம்பர் 24 ஒப்பந்தத்தில் மாகாண சட்டசபை இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. கணக்கில் லாபம். ஆனால் இரட்டை வாக்கு போச்சு. முதற்கட்டத் தேர்தலில் தாழ்த்தப்பட்டோர் நான்கு பேரைப் பொறுக்கலாம். அந்த நால்வரில் யார் ஜெயிப்பது என்பதைப் பொதுத்தொகுதி, அதாவது சாதி இந்துப் பெரும்பான்மை, முடிவு செய்யும். பிறகு அந்த முதற்கட்டமும் இல்லாமல் போயிற்று. இடம் நம்முடையது, ஆளைத் தேர்வது அவர்கள்.

இது ஏதோ பழைய கணக்கு என்று நினைத்தால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்தாலும் ஆதிக்க சாதியினர் தங்களுக்கு அடங்கிய ஒரு ஆளை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யவைத்தார்கள். மேலவளவில் பணியாமல் தலைவரான முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். 1932இல் எரவாடா சிறைக்குள் தீர்மானிக்கப்பட்டது என்ன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? படத்தில் அந்தக் கையெழுத்தைப் போடும்போது மம்முட்டியின் முகத்தில் ஒரு கருமை படர்கிறது. அந்த இழப்பு முழுவதும் அந்த முகத்தில் இருக்கிறது, கதையாடலில் இல்லை. அரசியல் தெரிந்தவர் முகத்தை வாசித்துவிடுவார். தெரியாதவர், பாவம் பெரியவர் காந்திக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எழுந்து போவார்.

மூன்றாவது, தொழிலாளர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி, 1937இல் கொங்கணத்தின் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா, 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து பம்பாயில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து வேலைநிறுத்தம், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை. இந்த அம்பேத்கர் படத்தில் வேகமாகக் கடந்துபோகிற நிழல். ஏன்? சாதிக் கொடுமையை ஒரு அவமானக் காட்சியாகக் காட்டலாம். அரசியலமைப்பை ஒரு மேசையும் பேனாவுமாகக் காட்டலாம். வர்க்கமும் சாதியும் பின்னிக்கிடப்பதைக் காட்டத் தனிமனிதக் கதையாடலுக்கு வழியில்லை. அதற்குக் கூட்டம் பேச வேண்டும். இந்தப் படத்தில் கூட்டம் கோஷம் போடும், பேசாது. அதுவும் ஆங்கிலப் பதிப்பில் கொங்கணத்துச் சேரியும் லண்டன் மாநாடும் பெரும்பாலும் ஒரே மொழியில் பேசுகின்றன. யாரிடம் மராத்தி, யாரிடம் ஆங்கிலம் என்று அம்பேத்கர் தேர்ந்து பேசிய அரசியலும் அத்தோடு அழிந்துவிடுகிறது. தமிழ் மொழிமாற்றில் கேட்கவே வேண்டாம்.

4

இப்போது தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு வரலாம். கதையாடல் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறதோ அதையெல்லாம் நடிகரின் உடல் சுமக்கவேண்டி வருகிறது. தோழர்கள் இல்லை, வழக்கின் பத்து வருஷம் இல்லை, வாக்குரிமைக் கணக்கு இல்லை, தொழிற்சங்கம் இல்லை. எல்லாமே ஒரு முகத்தின் மீது ஏற்றப்படுகின்றன. அந்த முகம் தாங்குகிறது. அதனால்தான் நடிப்பு பிரமாதமாகத் தெரிகிறது. படத்தின் குறைதான் நடிப்பின் மேடை. மம்முட்டியின் உழைப்பைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. இன்னொரு நடிகர் என்றால் அந்தப் பாரத்தில் நசுங்கியிருப்பார். ஆனால் பாரம் ஏற்றிய விதத்தில் அரசியல் இருக்கிறது.

இந்த இடத்தில் அம்பேத்கரே நமக்கு எச்சரிக்கை சொல்லியிருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. 1943 ஜனவரியில் பூனாவில் ரானடே நினைவுச் சொற்பொழிவில், மாமனிதர்கள் வரலாற்றைச் செய்கிறார்களா என்ற கேள்வியை எடுத்துவைத்து நிதானமாக அலசினார். மதிப்பது வேறு, வழிபடுவது வேறு என்று பிரித்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி எங்கே கொண்டுபோய்விடும் என்று சொன்னதும் அவர்தான். பக்தியை மறுத்தவரைப் பக்தியின் வார்ப்பிலேயே படமெடுப்பது எப்படி?

வேறு வழி இருக்கிறது. அதையும் அவரே காட்டியிருக்கிறார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று ஒரு சிறு பிரதி. அவர் இறந்து பல காலம் கழித்து, 1990இல் தனி நூலாக வந்தது. தன்வரலாறு என்று எடுத்தால் பாதியில் அது வேறாகிவிடுகிறது. சிறுவயதில் வண்டிக்காரன் ஏற்ற மறுத்தது, பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டது என்று தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பிறகு மற்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியர். பிரசவித்த மனைவியை டாக்டர் தொட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறார். அந்தப் பெண் இறந்துபோகிறாள். அதைத்தான் தன் வாழ்க்கையின் பகுதியாக எழுதுகிறார் அம்பேத்கர். ‘நான்’ என்பது அங்கே ஒரு ஆள் இல்லை, வரிசையில் நிற்கிற பலரில் ஒருவர்.

அதே பிரதியில் 1929இல் சாலிஸ்காவ் என்ற ஊரில் நடந்தது ஒன்று வருகிறது. ஸ்டேஷனிலிருந்து சேரிக்குப் போகவேண்டும். குதிரைவண்டிக்காரர்கள் ஒருத்தரும் தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டத் தயாரில்லை. நடந்துபோகலாம்தான். ஆனால் பாரிஸ்டரான தங்கள் தலைவரை நடத்திக் கூட்டிப்போவது கௌரவக் குறைச்சல் என்று சேரி மக்கள் நினைக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரையே ஓட்டச்சொல்கிறார்கள். பாலத்தில் சக்கரம் கல்லில் மோதி, அவர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில். நடந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்டபோது, எந்தப் பாரிஸ்டரைவிடவும் ஒரு வண்டிக்காரன் தன்னை உயர்ந்தவனாக நினைக்க முடிகிற சமூகம் இது என்பதைத்தான் அவர் எழுதிவைத்தார். தன் மக்களைக் கடிந்துகொள்ளவில்லை.

நாம் கடிந்துகொள்ள வேண்டாம், யோசிக்கலாம். தலைவரை நடக்கவிடக்கூடாது என்ற அந்த அன்பு எனக்குப் புரிகிறது. இந்தப் படத்தை எடுத்தவர்களிடமும் அதே அன்புதான் இருந்திருக்கிறது. கௌரவமாக வண்டியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். மம்முட்டி விழாமல் சமாளித்துப் போய்ச்சேர்கிறார். ஆனால் கூட நடந்துவந்தவர்கள் பின்னால் தங்கிவிட்டார்கள்.

தோழர்கள் படத்தைப் போடுங்கள், தொடர்ந்து போடுங்கள். அந்த முகத்துக்காகவே போடலாம். ஆனால் விளக்கை அணைக்கும் முன்னால் மோரே, ஃபத்தேகான், இரட்டைமலை சீனிவாசன் என்று சில பெயர்களைச் சொல்லிவிட்டு அணையுங்கள். பூனா ஒப்பந்தக் காட்சி முடிந்ததும் நிறுத்தி, இரட்டை வாக்கு என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பத்து நிமிஷம் ஆகும். எங்கள் ஊரில் அப்படிச் செய்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்ப நம்ம ஊரு தலைவர யாரு சார் தேர்ந்தெடுக்குறா?”

படம் அன்றைக்கு அதற்கு மேல் ஓடவில்லை. பேச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் போயிற்று.